வாடகை... ஆண்டுக்கு ஒரு சிவப்பு ரோஜா! - பென்சில்வேனியாவில் ஒரு தேவாலய நிலத்தின் கதை

ஜூன் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மன்ஹைம் என்ற சின்ன ஊர். அங்கிருக்கும் சீயோன் லூத்தரன் தேவாலயத்தில் அன்றைக்கு வழக்கமான ஆராதனையோடு இன்னொரு வேலையும் நடக்கும். ஆலயம் நிற்கும் மனைக்கு வாடகை கொடுக்க வேண்டும். நிலம் கொடுத்தவரின் வம்சத்தில் வந்த ஒருவர் முன்னே வருவார். சபையார் சார்பில் அவர் கையில் வாடகை ஒப்படைக்கப்படும்.

செக் கிடையாது, ரொக்கம் கிடையாது. ஒரே ஒரு சிவப்பு ரோஜா!

இது யாரோ விளையாட்டுக்குத் தொடங்கிய சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். 1772 டிசம்பர் 4-ம் தேதியிட்ட பத்திரத்தில், சட்டப்படி எழுதப்பட்ட ஷரத்து இது. அமெரிக்கா என்ற நாடே அப்போது பிறக்கவில்லை. சுதந்திரப் பிரகடனத்துக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் பாக்கி இருந்தன.

எங்கே இருக்கிறது மன்ஹைம்?

ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மேற்கே ரயிலில் கிளம்பினால், ஒன்றேகால் மணி நேரத்தில் லங்காஸ்டர் வந்துவிடும். அங்கிருந்து வடக்கே சுமார் 16 கி.மீ. தூரத்தில் மன்ஹைம். மக்கள்தொகை ஏறத்தாழ 5,000. வழியெங்கும் சோளக் காடுகள், பெரிய களஞ்சியங்கள், மோட்டார் வாகனமே வேண்டாம் என்று குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் குடும்பங்கள். ஹெர்ஷி சாக்லேட்டின் சொந்த ஊரும் இங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம்தான்.

கார் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு மன்ஹைம் என்ற பெயர் தெரிந்திருக்கும். பழைய கார்களை மொத்தமாக ஏலம் விடும் மன்ஹைம் நிறுவனம் 1945-ல் தொடங்கியது இந்த ஊரில்தான்.

லங்காஸ்டருக்கும் ரோஜாவுக்கும் ஏற்கெனவே ஒரு பந்தம் உண்டு. 1729-ல் உருவான இந்த மாவட்டத்துக்கு இங்கிலாந்தின் லங்காஷயரை நினைத்துப் பெயர் வைத்தார்கள். லங்காஸ்டர் அரச குடும்பத்தின் சின்னம் சிவப்பு ரோஜா. அதனால் இன்றும் லங்காஸ்டருக்குச் ‘சிவப்பு ரோஜா நகரம்’ என்று செல்லப்பெயர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் யார்க், ‘வெள்ளை ரோஜா நகரம்’!

இன்று அமைதியான விவசாயப் பூமியாகத் தெரியும் இந்த இடம், 18-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் குடியேற்றத்தின் மேற்கு எல்லைப்புறம். இதைத் தாண்டினால் சஸ்குவஹானா ஆறு. அதையும் தாண்டினால் மலை. மேற்கே போகிறவர்கள் மூட்டை முடிச்சு ஏற்றிச் சென்ற புகழ்பெற்ற ‘கொனெஸ்டோகா’ கூண்டு வண்டிகள் இந்த வட்டாரத்தில்தான் பிறந்தன. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருவோம்.

கண்ணாடி முதலாளி

நிலம் கொடுத்தவர் பெயர் ஹென்றி வில்லியம் ஸ்டீகல். ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அருகே 1729-ல் பிறந்தவர். 1750-ல் அம்மாவையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு ‘நான்சி’ என்ற கப்பலில் ஃபிலடெல்ஃபியா வந்து இறங்கினார். லங்காஸ்டர் வட்டாரத்தில் ஜேக்கப் ஹியூபர் என்பவரின் இரும்பு உலையில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் முதலாளியின் மகள் எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு உலையையும் வாங்கினார். அதற்கு வைத்த பெயர், ‘எலிசபெத் ஃபர்னஸ்’. 1758-ல் எலிசபெத் இறந்துபோனார். அதே ஆண்டில் ஸ்டீகல் மறுமணம் செய்துகொண்டார்; அந்த மனைவியின் பெயரும் எலிசபெத்!

இரும்பு அடுப்புகளில் நல்ல காசு வந்தது. அடுத்து கண்ணாடிக்குத் தாவினார். ஐரோப்பாவிலிருந்து கைதேர்ந்த தொழிலாளிகளை வரவழைத்து, நீலத்திலும் ஊதாவிலும் குப்பிகளும் கோப்பைகளும் செய்தார். அவருடைய பாணிக் கண்ணாடிப் பொருள்கள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

ஊர் மக்கள் அவரை ‘பிரபு’ என்றே அழைத்தார்கள். நிஜத்தில் அவர் எந்த அரசரிடமும் பட்டம் வாங்கியவர் இல்லை. அவர் வண்டி ஊருக்குள் நுழைந்தால் பீரங்கி முழங்கும், மாளிகை மாடியில் வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள் என்றெல்லாம் கர்ணபரம்பரைக் கதைகள் உண்டு. மாளிகையில் ஓர் அறையை ஜெப அறையாக்கி, தொழிலாளர்களுக்கு அவரே பிரசங்கம் செய்வாராம்.

1762-ல், ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஸ்டெட்மன் சகோதரர்களோடு பங்கு சேர்ந்து, 729 ஏக்கர் நிலத்தில் ஓர் ஊரையே அமைக்கத் தொடங்கினார். அதுதான் மன்ஹைம். ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்தின் பெயர்.

ஊர் என்றால் கோயில் வேண்டுமே!

எல்லைப்புறத்தில் மனை போட்டு விற்பவருக்கு முதல் கவலை, ஆள் வருவார்களா என்பதுதான். குடும்பத்தோடு வருகிறவர்கள் என்ன கேட்பார்கள்? சந்தை இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, ஆலயம் இருக்கிறதா? ஆலயம் என்றால் ஞாயிறு ஆராதனை மட்டும் கிடையாது. பிள்ளைகள் எழுத்துப் படிப்பது அங்கே. கல்யாணப் பதிவேடும் ஞானஸ்நானப் பதிவேடும் அங்கே. எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லறைத் தோட்டம். பிரசவத்திலும் காய்ச்சலிலும் உயிர்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. பல இடங்களில் கட்டடம் எழும்புவதற்கு முன்பே, புதைக்க ஆறடி நிலம் தேவைப்பட்டது.

அதனால் ஊர் அமைத்தவர்களும் வசதியான விவசாயிகளும் ஆலயத்துக்கு நிலம் எழுதிக்கொடுப்பது அங்கே பரவலான வழக்கம். பக்தியும் இருந்தது, கணக்கும் இருந்தது. ஆலயம் வந்தால் பக்கத்து மனைக்கு மதிப்பு ஏறும் என்பது அந்தக் காலத்து ரியல் எஸ்டேட்காரர்களுக்கும் தெரியும்! நிலமும் காசும் போதாத இடங்களில், லூத்தரன் சபையும் சீர்திருத்த சபையும் ஒரே கட்டடத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒரு வாரம் இவர்கள், மறு வாரம் அவர்கள்.

ஆனால், நிலத்தை யார் பெயரில் எழுதுவது என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. சபை என்ற கூட்டத்தின் பெயரில் நிலம் வைத்துக்கொள்ளத் தெளிவான வழி இல்லை. நம்பிக்கைக்குரிய நாலு பேர் பெயரில் எழுதி வைப்பார்கள். அவர்கள் காலமான பிறகு வாரிசுகள் சொந்தம் கொண்டாடினால்? நம் ஊரில் பொதுச் சொத்தைத் தனிநபர் பெயரில் எழுதிவிட்டுக் கோர்ட் வாசலில் நிற்பவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகவே புரியும். புராட்டஸ்டன்ட் சபைகள் ஆலயம், பள்ளி, கல்லறைக்காக நிலம் வாங்கி வைத்துக்கொள்ள 1731-ல் பென்சில்வேனியா சட்டமன்றம் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது.

நிலம் கிடைத்தாலும் போதகர் கிடைப்பது அரிது. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் இருந்த கிறிஸ்தவ நிறுவனம்தான் 1742-ல் ஹென்றி மெல்ச்சியோர் முலென்பெர்க் என்ற போதகரை பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது. சிதறிக்கிடந்த லூத்தரன் சபைகளை ஒன்றுசேர்த்தவர் அவர். ஹாலே என்றதும் நமக்கு இன்னொரு பெயர் ஞாபகம் வரும். 1706-ல் தரங்கம்பாடி வந்து தமிழ் படித்து, தமிழில் புத்தகம் அச்சடித்த சீகன்பால்கு! அவர் படித்ததும் ஹாலேயில்தான். தரங்கம்பாடியிலிருந்து போன அறிக்கைகளும், பென்சில்வேனியாவிலிருந்து போன அறிக்கைகளும் அச்சேறியது அதே ஊரில்.

ஐந்து ஷில்லிங்கும் ஒரு பூவும்

இப்போது பத்திரத்துக்கு வருவோம். ஸ்டீகல் தன் மனையை சீயோன் லூத்தரன் சபைக்கு எழுதிக்கொடுத்தார். கையில் வாங்கியது ஐந்து ஷில்லிங். அதோடு, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஸ்டீகலுக்கோ அவர் வாரிசுகளுக்கோ ஒரு சிவப்பு ரோஜா வாடகையாகத் தர வேண்டும். எவ்வளவு காலத்துக்கு? என்றென்றைக்கும். கூடவே ஒரு நிபந்தனை: சட்டப்படி கேட்டால் மட்டும்.

இலவசமாகவே கொடுத்திருக்கலாமே, எதற்கு இந்த ஐந்து ஷில்லிங்? சும்மா கொடுத்ததாக எழுதினால் நாளைக்கு யாராவது கிளப்பிவிடலாம். ஒரு சிறு தொகையாவது கைமாறியதாக எழுதினால் கிரயம் செல்லும். ஆங்கிலேயச் சட்டத்தில் இது பழைய வழக்கம். ரோஜாவும் அப்படித்தான். வாடகையாக ஒரு மிளகு, ஒரு பூ என்று பெயருக்கு ஏதோ ஒன்றை எழுதி வைப்பது இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக இருந்தது. பொருளின் விலை முக்கியமில்லை. ‘இந்த நிலம் இன்னார் கொடுத்தது’ என்று ஆண்டுக்கு ஒருமுறை ஒப்புக்கொள்வதுதான் முக்கியம்.

ஸ்டீகலின் ரோஜா எவ்வளவு பெரிய சலுகை என்பது அந்தக் காலத்து அடிமனை வாடகையைப் பார்த்தால் புரியும். பென்சில்வேனியாவில் ஊர் அமைத்தவர்கள் மனையை விற்ற பிறகும் வருடாவருடம் அடிமனை வாடகை வசூலிப்பார்கள். அவர்களுடைய நிலையான வருமானமே அதுதான். ஆலயத்துக்கு அந்தப் பணம் ஒரு பூவாக மாறிவிட்டது.

இதில் ஒரு சங்கிலி இருக்கிறது. 1681-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், பென்சில்வேனியா முழுவதையும் வில்லியம் பென்னுக்கு எழுதிக்கொடுத்தார். அதற்கு வாடகை, ஆண்டுக்கு இரண்டு பீவர் தோல்! ஜனவரி முதல் தேதி விண்ட்சர் கோட்டையில் ஒப்படைக்க வேண்டும். பென் தன்னிடம் நிலம் வாங்கிய முதல் குடியேறிகளுக்கு நூறு ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் என்று வரி வைத்தார். கடைசிக் கண்ணியில் ஸ்டீகலின் ரோஜா. மன்னருக்கான தோல் அமெரிக்கப் புரட்சியோடு முடிந்தது. பென் குடும்பத்துக்கான வரியை 1779-ல் வந்த சட்டம் ஒழித்தது. ரோஜா மட்டும் இன்னும் தொடர்கிறது.

கொடுத்தவர் கைவிட்டுப் போனது

ரோஜாப் பத்திரம் எழுதியபோதே ஸ்டீகல் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். 1767-ல் பிரிட்டிஷ் அரசு இறக்குமதிக் கண்ணாடிக்கு வரி போட்டபோது உள்ளூர்க் கண்ணாடிக்குக் கிராக்கி வந்தது. அதை நம்பிப் பெரிய ஆலை கட்டினார். 1770-ல் தேயிலை தவிர மற்ற வரிகள் நீங்கின. இங்கிலாந்துக் கண்ணாடி மறுபடி வந்து குவிந்தது. லாட்டரி நடத்திப் பணம் திரட்டப் பார்த்தார். பலிக்கவில்லை. 1774-ல் கண்ணாடி உலை அணைந்தது. கடன்காரர்கள் அவரைச் சிறையில் தள்ளினார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் வெளியே வந்தபோது அவரிடம் சொத்து எதுவும் இல்லை.

தன்னுடையதாக இருந்த எலிசபெத் ஃபர்னஸிலேயே, ராபர்ட் கோல்மன் என்பவருக்குக் கீழே அவர் வேலை பார்க்க நேர்ந்தது. புரட்சிப் போருக்குக் குண்டுகள் வார்த்துக் கொடுத்த கோல்மன், பின்னாளில் பென்சில்வேனியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். ஸ்டீகல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வயிற்றைக் கழுவினார். 1785 ஜனவரி 10-ம் தேதி இறந்தார். ஓர் ஊரின் கல்லறைக்கும் ஆலயத்துக்கும் நிலம் கொடுத்த அந்த மனிதர் எங்கே புதைக்கப்பட்டார் என்பதற்கு ஒரு கல்கூட இல்லை.

ஆலய வரலாற்றின்படி, ஸ்டீகல் ரோஜா வாங்கியது இரண்டே முறைதான். 1773-லும் 1774-லும். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. ஒரு காலத்தில் பிரபுவாக வலம்வந்த ஊரில், ஓட்டாண்டியாக வந்து நின்று ‘என் ரோஜாவைக் கொடுங்கள்’ என்று கேட்க யாருக்குத்தான் மனசு வரும்?

பத்திரத்தில் ‘கேட்டால் மட்டும்’ என்று இருந்ததல்லவா? யாரும் கேட்காததால் பாக்கி என்று எதுவும் சேரவில்லை. இப்படி 117 ஜூன் மாதங்கள் கடந்துபோயின. 1890-களின் தொடக்கத்தில், பழைய பத்திரத்தின் இந்த ஷரத்து சபையின் கவனத்துக்கு வந்தது. சபையார் ஸ்டீகலின் வம்சாவளியைத் தேடிப்பிடித்தார்கள். 1892 ஜூனில் மறுபடியும் ஒரு ரோஜா கைமாறியது. அன்று தொடங்கியதுதான் இன்றைய ரோஜாத் திருவிழா. கொடுத்தவர் பீரங்கியோடும் வாத்தியத்தோடும் வாழ்ந்தது போய்விட்டது. அவர் பெயரை ஊர் இன்றும் சொல்வது, ஒரு பைசாவும் சம்பாதிக்காத அந்த ஒரே மனையால்தான்.

மூலப்பத்திரம் யாருடையது?

நம் ஊரில் மனை வாங்கும்போது மூலப்பத்திரம் எங்கே என்று கேட்போம். மன்ஹைமுக்கும் கேட்டுப் பார்க்கலாம். ஸ்டீகலுக்கு முன்பு ஃபிலடெல்ஃபியாக்காரர்கள். அவர்களுக்கு முன்பு பென். பென்னுக்கு முன்பு மன்னர். மன்னருக்கு முன்பு?

சஸ்குவஹானா ஆற்றங்கரையில் வாழ்ந்த கொனெஸ்டோகா என்ற பூர்வகுடி மக்கள். கூண்டு வண்டிக்கு வந்த பெயர் இவர்களுடையது. 1701-ல் வில்லியம் பென் அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். இனி என்றென்றைக்கும் இரு தரப்பும் ஒரே மக்களாக நட்போடு வாழ்வோம் என்பது அதன் சாரம். கொனெஸ்டோகா மக்கள் அந்தத் தாளைத் தலைமுறை தலைமுறையாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள்.

1763-ல், அதாவது மன்ஹைம் உருவாகத் தொடங்கிய மறுவருடம், எல்லைப்புறம் முழுக்கப் போர்ப் பதற்றம். அதற்குள் கொனெஸ்டோகா கிராமத்தில் மிஞ்சியிருந்தவர்கள் இருபதே பேர். துடைப்பமும் கூடையும் பின்னி விற்றுப் பிழைத்த ஏழைகள். டிசம்பர் 14-ம் தேதி, ‘பாக்ஸ்டன் பாய்ஸ்’ என்ற குடியேறிக் கும்பல் அந்தக் கிராமத்துக்குள் புகுந்து ஆறு பேரைக் கொன்று குடிசைகளைக் கொளுத்தியது. வெளியே போயிருந்த 14 பேரைப் பாதுகாப்புக்காக லங்காஸ்டரில் அரசுக் காவலில் வைத்தார்கள். டிசம்பர் 27-ம் தேதி அதே கும்பல் நகரத்துக்குள்ளேயே வந்து, குழந்தைகள் உட்பட அத்தனை பேரையும் வெட்டிக் கொன்றது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இதைக் கடுமையாகக் கண்டித்து ஒரு சிறு நூலே எழுதினார். ஆனால், ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. எரிந்துபோன கிராமத்தில் எஞ்சிய பொருள்களுக்கிடையே 1701-ம் ஆண்டு உடன்படிக்கைத் தாள் கிடந்தது.

கிராமத்தில் இல்லாததால் தப்பித்தவர்கள் இரண்டு பேர். மைக்கேல், மேரி என்ற தம்பதி. மன்ஹைம் பக்கத்தில் கிறிஸ்டியன் ஹெர்ஷி என்ற மென்னோனைட் விவசாயியின் பண்ணையில் இருந்தார்கள். அவர்களை யாரும் தொடக்கூடாது என்று 1764-ல் கவர்னர் ஜான் பென் ஒரு பாதுகாப்புச் சீட்டு எழுதிக்கொடுத்தார். அந்தப் பண்ணையிலேயே வாழ்ந்து, அங்கேயே மண்ணானார்கள்.

ஆக, இந்த வட்டாரத்தில் ‘என்றென்றைக்கும்’ என்று எழுதிய தாள்கள் இரண்டு. ஒன்று, ஒரு ரோஜாவுக்கு. 117 ஆண்டுகள் மறந்துபோன பிறகும் அது உயிர் பெற்றது. காரணம், வாங்கிக்கொள்ள ஒரு வாரிசு இருந்தார். கொடுக்க ஒரு சபைக்கு மனசு இருந்தது. இன்னொன்று, ஒரு கிராமத்து மக்களின் உயிருக்கு. அதைச் ‘சட்டப்படி கேட்க’ அந்தக் கிராமத்தில் ஆளே மிஞ்சவில்லை.

ரோஜாத் திருவிழாவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பெற்றதை மறக்காமல் ஆண்டுதோறும் நன்றி சொல்லும் ஊர் அது. அப்படிப்பட்ட ஊரிலிருந்துதான், இன்னும் யாருக்கெல்லாம் நன்றி பாக்கி இருக்கிறது என்ற கேள்வியைத் தொடங்க முடியும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உங்கள் பிள்ளைகளோ உறவினர்களோ இருந்தால், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம். லங்காஸ்டர் வரை ரயில், அங்கிருந்து கார்.

* ரோஜா கொடுப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் இரண்டாவது ஞாயிறு. சீயோன் லூத்தரன் ஆலயம் இருப்பது சவுத் ஹேஸல் தெருவில். இப்போதுள்ள கட்டடம் 1891-ல் கட்டப்பட்டது. ஆராதனை நடக்கும் இடம் என்பதால் படம் எடுக்கும் முன் அனுமதி கேட்டுவிடுங்கள்.

* ஸ்டீகல் பாணிக் கண்ணாடியை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்திலும் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம்.

* லங்காஸ்டருக்குள் ஃபுல்டன் நாடக அரங்கத்தையும் தேடிப் போங்கள். கொனெஸ்டோகா மக்கள் 14 பேர் கொல்லப்பட்ட பழைய சிறை வளாகத்தின் மீதுதான் 1852-ல் அந்தக் கட்டடம் எழும்பியது. மாலையில் நாடகம் பார்க்க வருகிறவர்கள் கூட்டம் அலைமோதும். அதற்கு முன்பே போய், ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். கையில் ஒரு ரோஜா இருந்தாலும் நல்லதுதான்.